பதிவேட்டில் இல்லாத வளைவு

சாலைப் பாதுகாப்பு நிதி வருகிறது, எங்கெங்கே விபத்து அதிகம் என்று பட்டியல் போடுங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதும் முதல் ஆளாக நான்தான் துள்ளினேன். குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகிற ரோட்டில் ஒரு வளைவு. சீசன் தொடங்கிவிட்டால் அடிக்கடி ஏதாவது வண்டி அங்கே உருளும். ஸ்டேஷனில் ஏட்டாக இருந்த எனக்குத் தெரியாதா? பட்டியலில் ஏறிவிட்டால் மின்னும் விளக்கு, இரும்புத் தடுப்பு, கேமரா எல்லாம் வந்துவிடும்.

அந்த வளைவில் ரம்புட்டான் விற்கிற பெண்ணிடம் அன்றைக்கே வாக்குக் கொடுத்தேன். போன சீசனில் கார் ஒன்று கடைக்குள் புகுந்து அவள் கால் முறிந்திருந்தது. “லைட்டு வருது பிள்ள, இனிமே பயப்படாம ஏவாரம் பாரு” என்றேன்.

பதிவேட்டைப் புரட்டினால் அந்த வளைவின் பெயரில் ஒரு விபத்துகூட இல்லை, பழக்காரி கால் முறிந்ததுகூட. மறுபடியும் புரட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் பக்கம் வண்டி மோதினால் உடனே சமாதானப் பேச்சுதான். குளிக்க வந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும், அடிபட்டவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு கைமேல் வேண்டும். ‘பேசி முடித்துக்கொண்டோம், வழக்கு வேண்டாம்’ என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி அனுப்பிவிடுவோம். எழுதி வாங்கியது யார்? சாட்சாத் நானேதான். கோர்ட்டுக்கு அலையவிடாத புண்ணியவதி என்று பேர் வேறு!

“ரிஜிஸ்டர்ல இல்லன்னா நடக்கலன்னுதான் அர்த்தம் ஏட்டம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என் கண்ணால பாத்தேன் சார்.”

“அப்பம் ஏன் எழுதல?”

எரிச்சலாக வந்தது. யார் மேல் என்றுதான் புரியவில்லை. தடுப்புகள் வேறு இடத்துக்குப் போயின. இனி ஒன்றையும் விடுவதில்லை, அடுத்த பட்டியலிலாவது வளைவு ஏறட்டும் என்று முடிவு செய்தேன்.

சாரல் விழத் தொடங்கிய வாரம் அங்கே ஒரு லோடு ஆட்டோ பைக்கில் மோதியது. பைக்கில் வந்தவருக்குக் கை முறிவு. ஆட்டோவை ஓட்டி வந்தது அந்தப் பழக்காரியின் புருஷன். அவள் காலை இழுத்து இழுத்து, அழுதுகொண்டே ஸ்டேஷனுக்கு வந்தாள்.

“ஏட்டம்மா, அவுகளுக்கு துபாய் விசா வந்திருக்கு. கேஸுன்னு ஆச்சுன்னா எல்லாம் போயிரும். அடிபட்டவுகளே பேசிக்கிடுவோம்னு சொல்லுதாவ.”

“உனக்காகத்தான் எழுதுதேன். இதை எழுதினாத்தான் அங்கன லைட்டு வரும்.”

சொல்லும்போதே எனக்குக் குழம்பியது. அவளுக்காக அவள் புருஷன் மேலேயே வழக்கா? விட்டால் நாளைக்கு இன்னொரு கார் அவள் மேல் ஏறாதா? எது நியாயம் என்று பிடிபடவில்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தாள்.

“எனக்கு அடிபட்டப்ப எழுதாத கை, இப்ப மட்டும் எழுதுதோ?”