கண்ணாடிக்காரரின் கரண்டி

கண்ணாடிக்காரரைப் பற்றி எங்கள் மன்றத்தில் யாரைக் கேட்டாலும் நல்லதாகவே சொல்வார்கள். மேடையில் பேசிப் பழகியவர்கள், யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். நான் ஏழு வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். வாயும் கொஞ்சம் நீளம். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நூலகத்தின் மாடி அறையில் புதன்கிழமை மாலை கூடும் பேச்சு மன்றம். நாலு பேர் முன்னால் நின்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறவர்கள் வந்து, ஆளுக்கு ஏழு நிமிடம் பேசிப் பழகுவார்கள். நான் நேரம் பார்க்கிறவள். பகலில் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறேன், மாலையில் அட்டை தூக்குகிறேன். ஐந்து நிமிடத்துக்குப் பச்சை, ஆறுக்கு மஞ்சள், ஏழுக்குச் சிவப்பு. சிவப்பைத் தூக்கினால் பாதி வார்த்தையில் இருந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும். எனக்கு மன்றத்தில் 'டைம் அக்கா' என்று பெயர்.

கண்ணாடிக்காரர் எண்ணிக்கை பார்க்கிறவர். பேசுகிறவர் 'வந்து', 'அதாவது', 'இம்' என்று இழுத்தால், ஒவ்வொன்றுக்கும் தன் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு. டிங். கடைசியில் எழுந்து மொத்தக் கணக்கை வாசிப்பார். "பதினெட்டு." அவ்வளவுதான், உட்கார்ந்துவிடுவார். பேச்சு எதைப் பற்றி என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எண்ணுகிற வேலையில் கேட்க ஏது நேரம்?

அவர் கெட்டவர் இல்லை. நாற்பது வயது வரை தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம்கூட அவரால் நேராகப் பேச முடிந்ததில்லை. ஒரு கண்ணாடி வில்லையை மாட்டி "தெளிவா இருக்கா?", இன்னொன்றை மாட்டி "இது?" என்று கேட்கக்கூட அவர் மனைவிதான் பக்கத்தில் நிற்பாராம். அப்போது மன்றத்தைத் தொடங்கிய போஸ்ட் மாஸ்டர் இவரை மேடையேற்றி, இதே டம்ளரில், இதே கரண்டியால் எண்ணினார். முதல் நாள் நாற்பத்தொன்று. இரண்டு வருடம் கழித்துப் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் எழுதிய தாள், கடையில் கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகைக்குக் கீழே சட்டம் போட்டுத் தொங்குகிறது. தன்னைக் குணப்படுத்திய மருந்தை ஊருக்கெல்லாம் கொடுக்கிறோம் என்று மனிதர் நம்பினார்.

முப்பத்து நான்கு பேர் இருந்த மன்றம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஆறு பேருக்கு வந்தது. ஒரு புதன்கிழமை நூலகர் மாடிக்கு வந்து, காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார்.

"அடுத்த மாசம் முதல் புதன்கிழமைக்குள்ள இந்தப் படிவத்துல பத்து பேர் கையெழுத்து வேணும். இல்லன்னா ரூமை கம்ப்யூட்டர் வகுப்புக்குக் குடுத்துடுவேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

கண்ணாடிக்காரருக்கு அன்று முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு வாய் கொடுத்த அறை அது. அதைப் பூட்டினால் தன் வாயையும் சேர்த்துப் பூட்டியதுபோல நினைத்தார்.

"பழைய ஆளுங்களையெல்லாம் வீடு வீடாப் போய்க் கூப்பிடலாம். நீயும் வாம்மா" என்றார் என்னிடம்.

போனோம். அவர் கையில் பழைய எண்ணிக்கை நோட்டு. விலாசமும் அதில்தான் இருந்தது, பெயருக்கு எதிரே அவரவர் எண்ணும் அதில்தான் இருந்தது.

பஸ் டிரைவர் வீட்டில் நல்ல வரவேற்பு. நாற்காலி போட்டார், டீ கொடுத்தார். "ஞாபகம் இருக்கா சார்? நான்தான் பதினெட்டு!" என்று சிரித்தார். வருவாரா என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. "ஷிப்டு மாத்திட்டாங்க சார். புதன்கிழமைன்னாலே டியூட்டிதான்."

மருந்துக் கடைக்காரருக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாதாம். சொல்லிவிட்டு, மேல் தட்டிலிருந்து மருந்து எடுக்க ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். அழகு நிலையம் வைத்திருக்கிற அம்மா, "எனக்கெல்லாம் பேச்சு வராதுங்க, நான் முப்பத்தி ரெண்டு ஆச்சே" என்று கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் கண்ணாடிக்காரருக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியாம்மா, ஒவ்வொருத்தரும் அவங்க எண்ணை எப்படி ஞாபகம் வச்சிருக்காங்க!"

எனக்குத் தெரிந்துவிட்டது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று பேசாமல் நடந்தேன். அவரோ ஷிப்டு, மூட்டு என்று ஒவ்வொரு சாக்கையும் நோட்டில் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டு வந்தார்.

கடைசியாகச் சலவைக் கடை. அங்கே துணி தேய்க்கிற பெண் மன்றத்துக்கு நாலே வாரம்தான் வந்தாள். மூன்று வாரம் கேட்டாள், நாலாம் வாரம் பேசினாள். அவளை வளர்த்த அக்கா செத்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அக்கா தனக்குக் காலர் தேய்க்கச் சொல்லிக்கொடுத்ததைப் பற்றிப் பேசினாள். நுனியிலிருந்து நடுவுக்குத்தான் தேய்க்க வேண்டும், நடுவிலிருந்து தேய்த்தால் சுருக்கம் நுனியில் வந்து நிற்கும் என்று கையால் காட்டினாள். அப்புறம் அக்காவின் ஆஸ்பத்திரி நாட்களைச் சொல்ல வந்தாள். அங்கே அவளுக்குக் குரல் உடைந்தது. "இம்" என்றாள். டிங். மூச்சை இழுத்தாள். டிங். அழுகை எது, இழுவை எது என்று கரண்டிக்குத் தெரியுமா? யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அக்கா கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் தொடங்கும்போது ஏழு நிமிடம் முடிந்தது. சிவப்பைத் தூக்கினேன். உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரர் எழுந்து, "இருபத்து மூன்று" என்றார். மறுவாரம் அவள் வரவில்லை.

நாங்கள் போனபோது அவள் ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். அவள் கணவர்தான் வாங்க என்றார், உட்காருங்க என்றார், எல்லாம் அவரே பேசினார்.

"மன்றத்துல ஆள் குறைஞ்சுபோச்சும்மா. நீ திரும்ப வரணும். உனக்கு நல்ல குரல். இருபத்தி மூணெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்ல, ஆறே மாசத்துல குறைச்சுடலாம்" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சார், எங்க அக்காவை நினைச்சா முன்னாடி முகம் வரும். இப்ப முகம் வரதுக்கு முன்னாடி இருபத்தி மூணுன்னு வருது. நான் என்ன செய்யட்டும்?"

கோபமே இல்லை குரலில். நிஜமாகவே அவரிடம் வழி கேட்கிறவள் மாதிரி கேட்டாள். கேட்டுவிட்டுச் சட்டையைத் திருப்பிப் போட்டாள்.

கண்ணாடிக்காரர் நோட்டைத் திறந்தார், மூடினார். திரும்பி வரும் வழியில் தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"பதினெட்டுன்னு டிரைவர் சொன்னாரே, அதுவும் இதுதானாம்மா?"

"ஆமாண்ணே."

"முப்பத்தி ரெண்டு?"

"அதுவும்தான்."

"உனக்குத் தெரியுமா?"

"இப்பதாண்ணே தெரிஞ்சது" என்றேன். பாதிப் பொய்.

"ஊர்ல எல்லார் கண்ணையும் பாக்கிறேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் பாரு" என்றார். வீடு வரை தலை நிமிரவில்லை. அவரோடு நடக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

மறுநாளிலிருந்து மதியம் கடையைச் சாத்திவிட்டு, நோட்டு இல்லாமல் தனியாகப் போனார். அதே வீடுகள். இந்த முறை யாரையும் மன்றத்துக்குக் கூப்பிடவில்லையாம். "நான் எண்ணினது தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். அதைச் சொல்ல ஒவ்வொரு வாசலிலும் கால் மணி நேரம் ஆனதாக அவர் மனைவி சொன்னார். பழைய திக்கல் திரும்பிவிட்டது.

கெடுவுக்கு முந்தைய புதன்கிழமை டிரைவர் வந்தார், மருந்துக் கடைக்காரர் மாடி ஏறி வந்தார், அழகு நிலையத்து அம்மா வந்தார். ஆறும் மூன்றும் ஒன்பது. கடைசி வரிசையில், படிவத்தைத் தொடாமல், சலவைக் கடைப் பெண்ணும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

கண்ணாடிக்காரர் மேடைக்குப் போய் டம்ளரையும் கரண்டியையும் முன் மேஜையில் வைத்தார். "யா... யாராவது எண்ணுங்க" என்றார். யாரும் அசையவில்லை. "நான் வந்து... அதாவது... உங்க பேச்சு ஒண்ணுகூட நான் கே... கேட்டதில்ல" என்றார். சட்டைக் காலர் வரை வியர்த்து, சின்னப் பிள்ளை மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். டிரைவர் எழுந்து போய், தன் பாட்டிலிலிருந்து அந்த டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"மெதுவா சொல்லுங்க சார். பஸ் ஒண்ணும் கிளம்பல."

சிரித்தோம். அவரும் சிரித்தார், தண்ணீர் குடித்தார், பதினோரு நிமிடம் பேசினார். நான் எந்த அட்டையையும் தூக்கவில்லை. பெரிய மனசு பண்ணிவிட்டதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

கூட்டம் முடிந்து எல்லோரும் அவரைச் சுற்றி நின்றபோது, அந்தப் பெண் என் நாற்காலிக்கு வந்தாள்.

"தட்டினது அவரு. அவரு சொல்லிட்டாரு. அன்னைக்கு முதல்ல சிரிச்சது யாருக்கா?"

மேலே 'யாரோ சிரித்தார்கள்' என்று எழுதினேனே, அந்த யாரோ நான்தான். அவள் அழுதபோது கரண்டி விழுந்த நேரம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. களுக்கென்று சிரித்துவிட்டேன். நான் சிரித்ததால்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்த வாயோடுதான் சிவப்பையும் தூக்கினேன். இத்தனை வீடு ஏறி இறங்கியபோதும் எல்லாப் பழியும் கரண்டியோடு போகட்டும் என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேதான் போனேன். இதை எழுதும்போதுகூட முதலில் அவர் கதையைச் சொல்லி, என் கதையைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன் பாருங்கள்.

அவள் கேட்டுவிட்டு நின்றாள், நான் அட்டைகளை அடுக்குகிற மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றே அட்டை. எவ்வளவு நேரம் அடுக்க முடியும்?

"அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தாவது கையெழுத்து அவளுடையதாகத்தான் இருக்க முடியும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் போட மாட்டாள், அறை போய்விடும், கண்ணாடிக்காரருக்குப் போக இடம் இருக்காது. திறந்தால் என் மானம் போகும். இதையெல்லாம் ஒரு வாரம் எடைபோட்டேன் என்பதே எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை வந்தது. நூலகர் கதவோரம் நின்றிருந்தார். ஏழு வருடத்தில் ஒருமுறைகூட நான் அந்த மேடையில் ஏறியதில்லை என்பது அங்கே போய் நின்றபோதுதான் உறைத்தது. அட்டையைத் தூக்குகிறவளுக்கு மேடை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

"அன்னைக்கு... வந்து... முதல்ல சிரிச்சது... இம்... நான்தான்."

யாரும் தட்டவில்லை. யாரும் சிரிக்கவுமில்லை. கண்ணாடிக்காரர் மட்டும் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்து உட்காரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். படிவத்தை இழுத்து, பத்தாவது வரியில் கையெழுத்துப் போட்டாள். நூலகர் அதை வாங்கிக்கொண்டு கீழே போனார். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அறை எங்களிடமே இருக்கிறது. டம்ளரில் இப்போது பேசுகிறவர்களுக்குத் தண்ணீர் வைக்கிறோம். அவள் ஒரு வாரமும் தவறாமல் வருகிறாள். பஸ்ஸைப் பற்றிப் பேசினாள், மழையைப் பற்றிப் பேசினாள், தேய்க்கக் கொடுக்கிற சட்டைப் பையில் மக்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைப் பற்றி எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி பேசினாள். அக்காவைப் பற்றி இன்னும் பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.