சுங்காய் – ஈப்போ: கண்ணிமையில் ஒரு சிவப்புக் கட்டி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கை கவிதாவையும் அவளுடைய மூன்று மாதப் பெண் குழந்தையையும் ஈப்போ மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப் போனேன். குழந்தையின் வலது இமையில் சிவப்பாக வீங்கியிருந்தது. கண் பாதிதான் திறந்தது. அப்படியே விட்டால் அந்தக் கண்ணில் பார்வை சரியாக வளராமல் போகலாம் என்று சுங்காய் கிளினிக்கில் கடிதம் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் அவர்களே பிறவித் தழும்பு என்று திருப்பி அனுப்பியதும் உண்டு.

காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் சுமார் எண்பத்தைந்து கிலோமீட்டர். காம்பார் தாண்டும்வரை மழை. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் தோசையும் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரும், இருவருக்கும் பதினோரு வெள்ளி செலவு. மருத்துவமனையில் கார் நிறுத்த இடம் தேடியே அரை மணி நேரம் போயிற்று. அதையும் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் தமிழ்ப் பெண்மணி.

"பொறந்த அன்னிக்கே இருந்துச்சா, அப்புறம் வந்துச்சா?"

"பொறந்தப்பவே இருந்துச்சு டாக்டர். மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளிய போயிட்டேன்லா," என்றாள் கவிதா. அவள் மாமியார் சொல்லிச் சொல்லி, அதுவே அவள் ஞாபகமாகிவிட்டது.

பிறக்கும்போதே ரத்தக் குழாய்கள் கோணலாக அமைந்திருந்தால் வைத்தியம் வேறு. பிறந்த பிறகு வளரும் கட்டி என்றால் மருந்துக்குச் சுருங்கும் என்றார் டாக்டர். "ஆரம்பத்துல எடுத்த போட்டோ இருக்கா?"

எங்கள் பக்கம் முப்பதாம் நாள் சாமி கும்பிடும்வரை குழந்தையைப் படம் எடுப்பதில்லை. பிறகு எடுத்தவற்றில் இமை முழுக்க மை. திருஷ்டிக்கும் ஆயிற்று, சிவப்பை மறைத்ததும் ஆயிற்று.

ஆனால் இரண்டாம் நாள், கவிதா தூங்கும்போது நான் ஒன்று எடுத்திருந்தேன். கைபேசியை நீட்டினேன். படத்தில் இமை சுத்தமாக இருந்தது.

"இத வச்சிக்கிட்டு ஏன் அண்ணே காட்டல?" என்றாள் கவிதா.

"நீ ஏசுவேன்னுதான்லா."

போன மாதம் கிளினிக்கிலேயே இதைக் காட்டியிருந்தால் பிறவித் தழும்பு என்று திருப்பி அனுப்பியிருக்க மாட்டார்கள்; ஒரு மாதம் என்னால் வீணானது. வெட்கமாக இருந்தது.

பிறந்த பிறகு வளர்ந்த கட்டிதான் என்று ஸ்கேனும் சொன்னது. வாயில் ஊற்றும் மருந்தை அன்றே ஆரம்பித்தார்கள். இரண்டு மணி நேரம் நாடித்துடிப்பு பார்த்தார்கள். பால் குடிக்காத நேரத்தில் மருந்து கொடுக்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார்கள்.

இப்படிப் போகிறவர்கள் கிளினிக் கடிதம், மாற்றுத் துணி, பால் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த வாரத்திலேயே மை வைக்காமல் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஏச்சு வாங்கினால் வாங்கிக்கொள்ளலாம்.

திரும்பும்போது சுங்காய் நெருங்கியதும் கவிதா, "அந்தப் படத்த எனக்கு அனுப்பு அண்ணே," என்றாள்.

"எதுக்கு?"

"மாமியார்கிட்ட காட்டணும். மூணு மாசமா எம்மேலதான் பழி."