இரண்டு கருவிகளில் ஒரே புத்தகம்

அக்கா இறந்த அடுத்த மாதம், அத்தான் அவளுடைய மின்வாசிப்பானை ஒரு துணிப்பையில் போட்டு உக்குவளையில் என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவர் சிங்களவர். இரத்தோட்டையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கிறார். நன்றாகத் தமிழ் பேசுவார். ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. வீட்டில் இதைத் தொடுவதற்கு இனி ஆளில்லை என்று சொல்லிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

என்னிடமும் ஒரு ரீடர் இருந்தது, வேறு கம்பனியுடையது. அக்காவின் புத்தகங்களை அதற்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கணினியில் இணைத்து எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். என் ரீடரில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கோப்புகள் உள்ளே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. ஆனால் பட்டியலில் இல்லை. அவளுடைய கருவிக்கு ஒரு கோப்பு வகை, என்னுடையதற்கு ஈபப் என்ற வேறொரு வகை என்பது அப்போதுதான் புரிந்தது. புத்தகம் ஒன்றுதான், கட்டிவைத்திருக்கும் விதம்தான் வேறு. வேறு கருவியில் திறக்க முடியாதபடி கம்பனி பூட்டுப் போட்டவை மாறவே இல்லை. பூட்டில்லாதவற்றை ஒரு மென்பொருளில் போட்டு மாற்றினேன். சிலவற்றில் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன. ஒன்றில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து தனித்தனியே நின்றன. பார்க்கப் பிடிக்காமல் மூடிவிட்டேன்.

ஒழுங்காக மாறியது ஒரு நாவல் மட்டுமே. அவள் கடைசியாக வாசித்துக்கொண்டிருந்ததும் அதுதான். மாற்றிய பிரதியை என் ரீடரில் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். அவளுடைய கருவியில், மூன்றாம் அத்தியாயத்தில் அவள் நிறுத்திய இடம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மத்தியானம் சார்ஜ் போடுவதற்காக அதை எடுத்தேன். வைஃபை இணைந்ததும் திரையில் ஒரு செய்தி வந்தது. இன்னொரு கருவியில் ஐந்தாம் அத்தியாயம் வரை வாசித்திருக்கிறீர்கள், அங்கே போகவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். சட்டென்று அதை அணைத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். அடுத்த வாரம் எடுத்தபோது மறுபடி கேட்டது. இப்போது ஏழாம் அத்தியாயம்.

அவளுடைய கணக்கில் இருக்கும் இன்னொரு கருவி என்றால் அவளுடைய போன்தான். அத்தானைக் கூப்பிட்டுக் கேட்டேன். அது அல்மாரிக்குள் கிடக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரத்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனி இறங்கி, காலையிலேயே வாகனங்கள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூப்பிட்டுக்கொண்டே போனேன். உள்ளே, சாப்பாட்டு மேசையில் அக்கா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அத்தான் இருந்தார். கையில் போன். திரை முழுக்கத் தமிழ் எழுத்து. அவருடைய கண்கள் வரிகளில் ஓடவில்லை. ஒரே இடத்தில் நிலைத்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து விரல் பக்கத்தைத் தள்ளியது. மறுபடி அசைவில்லை. நான் நாற்காலியை இழுத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

அல்மாரி என்று பொய் சொன்னதற்கு வெட்கப்பட்டார். "அவ ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் எடுப்பான்னு எனக்குத் தெரியும் நங்கி," என்றார். சிங்களத்தில் தங்கையைக் கூப்பிடுவது போல்தான் என்னை எப்போதும் கூப்பிடுவார். "பக்கத்துலயே இருந்து பார்த்திருக்கேன்தானே. அந்த நேரம் வந்தா திருப்புறேன். அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்தது. கூடவே பயமும் போனது. தேநீர் போட எழுந்தேன்.

"நீயும் கூட வாசிக்கிறது நல்லது," என்றார் பின்னாலிருந்து. "நான் பின்னேரம் விட்ட எடத்துல காலையில இருக்காது. ரெண்டு மூணு பக்கம் முன்னால போயிருக்கும். நங்கிதான் வாசிச்சிருக்கும்னு நெனச்சுக்குவேன்."

கேத்தலைப் பிடித்தபடி நின்றேன். நான் வாசித்தது மாற்றிய பிரதியை. அந்தக் கோப்புக்கும் அக்காவின் கணக்குக்கும் தொடர்பே கிடையாது. நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்பது என் ரீடருக்கு வெளியே எங்கும் போகாது. அக்காவின் ரீடரோ என் மேசை லாச்சியில் அணைந்து கிடந்தது.

"ஆமா அத்தான், நான்தான்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. இது முடிந்தால் இன்னொன்று போடலாமா என்று கேட்டார். அவளுடைய கருவிக்குப் பொருந்தும் வகையில் வாங்கினால் போனிலும் வரும் என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தேன்.

அந்த நாவலை நான் முடிக்கவில்லை. அத்தான் இப்போது இரண்டாவது புத்தகத்தில் இருக்கிறார். பேசும்போதெல்லாம் எங்கே வந்திருக்கிறாய் என்று கேட்பார். நான் வாய்க்கு வந்த ஒரு பக்க இலக்கத்தைச் சொல்வேன். அவர் போனைப் பார்த்துவிட்டு, சரி, அதுதான் என்பார்.