வராது என்று சொன்னதும் வரும் என்று கேட்டதும்

பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில் முப்பது வருடமாக ஒலிபெருக்கி வேலை பார்த்துவந்தவருக்குப் பதவிப் பெயர் ‘ஒலி-ஒளித் தொழில்நுட்பர், நிலை இரண்டு’. சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை. துணைவேந்தர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவர் மைக்காரர். மனைவிகூடக் கோபம் வந்தால், “மைக்காரரே, கொஞ்சம் காது குடுங்க” என்றுதான் ஆரம்பிப்பார்.

அவருடைய இடம் அரங்கின் பின்சுவரில், மேலே, ஏணி மாதிரிச் செங்குத்தான பதினாறு படிகள் ஏறினால் வரும் கண்ணாடிப் பெட்டி அறை. ஒரு நாற்காலி, பொத்தான்கள் நிறைந்த ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி. அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய உச்சந்தலையும் தெரியும். நாட்டின் பெரிய விஞ்ஞானிகளை அவர் உச்சந்தலையை வைத்தே அடையாளம் சொல்வார். எந்த ஆண்டு யாருக்கு எவ்வளவு முடி போனது என்பது, அவர்கள் வீட்டாரைவிட அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

வருடந்தோறும் ‘நாளைய உலகம்’ என்ற பேருரை நடக்கும். வந்தவர்களெல்லாம் எதிர்காலத்தைப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர்களைப் போல விவரிப்பார்கள். பறக்கும் கார் பத்து வருடத்தில் வரும் என்றார் ஒருவர். சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு மாத்திரை என்றார் இன்னொருவர். அன்று மதிய விருந்தில் இரண்டாம் முறை இலைபோட வைத்தவரும் அவரே. காகிதமே இல்லாத அலுவலகம் பற்றிப் பேசியவரின் உரைக்கு அனுமதிக் கடிதம் மூன்று பிரதிகளில் வாங்கினார்கள். ‘எதிர்காலம்’ என்ற சொல் வரும்போது எல்லாருமே குரலைத் தூக்குவார்கள் என்பது மைக்காரருக்கு அத்துப்படி. அதற்கு முந்தைய மூச்சிலேயே அவர் விரல் ஒலியைக் குறைத்துவிடும்.

அந்தக் காலத்தில் உரைகளைக் கேசட்டில் பதிவார்கள். ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு, அழித்து அதிலேயே அடுத்ததைப் பதிய வேண்டும் என்பது உத்தரவு. மைக்காரருக்கு மனசு வரவில்லை. மனிதர் பேசியதை அழிப்பது, பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவது போலிருந்தது. “நாடா சிக்கிக்கிச்சு” என்று ஸ்டோர்காரரிடம் பொய் சொல்லிச் சொல்லிப் புதுக் கேசட் வாங்கினார். சிக்காத நாடாக்கள் எல்லாம் இரும்பு அலமாரியில் சேர்ந்தன.

இப்படியிருக்க, முன்னாள் மாணவர்களின் மாபெரும் சந்திப்பு ஒன்று அறிவிக்கப்பட்டது. முன்னாள் மாணவர் தொடர்பு இயக்குநர் என்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். முன்பு சோப்பு விளம்பரத்தில் இருந்தவர். உலகமே அழுக்காக இருக்கிறது, தான் வந்துதான் வெளுக்க வேண்டும் என்ற தோரணை அவரிடம் இன்னும் மிச்சமிருந்தது. சந்திப்பில் திரையிட அவர் ஒரு படம் எடுத்தார். தலைப்பு: ‘நாம் அன்றே சொன்னோம்’.

தலைப்பு தயார். அன்று என்ன சொன்னோம் என்பதுதான் தெரியவில்லை. யாரோ இரும்பு அலமாரியைப் பற்றிச் சொல்ல, இயக்குநர் மூச்சிரைக்கப் பதினாறு படியும் ஏறி வந்தார்.

“மைக்காரரே, நீங்கதான் நம்ம பொக்கிஷம். பழைய உரையெல்லாம் கேளுங்க. சொல்லி, பலிச்சது ஒரு பத்து எடுத்துக் குடுங்க.”

மைக்காரர் ஒரு மாதம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தார். பத்து கிடைக்கவில்லை. ஐந்துகூடத் தேறவில்லை. பலித்தது என்று அடித்துச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அதையும் சொன்னவர் மேடையில் இருந்தவர் அல்ல.

இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய கேசட் அது. பேசியவர் இயற்பியல் துறையின் பெரிய பேராசிரியர். அவர் சிரித்தால் துறையே சிரிக்கும், அவர் தும்மினால் ஆய்வு மாணவர்களுக்குச் சளி பிடிக்கும் என்பார்கள். நாடாவில் அவருடைய கணீர்க் குரல் சொன்னது: “ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு போன்! கேட்க நல்லாத்தான் இருக்கு. நம்ம காலத்துல, கண்டிப்பா வராது.”

கைதட்டல். அது அடங்கும்போது பின்வரிசையிலிருந்து, மைக் இல்லாமலே, ஒரு பெண்குரல்: “சார், ஏன் வராதுன்னு சொல்றீங்க? பேட்டரி மட்டும் சின்னதாயிட்டா போன் சட்டைப்பைக்குள்ள வந்துடும். அப்புறம் யாராலயும் தடுக்க முடியாது.”

“உட்காரும்மா. பேட்டரி சின்னதாகுறப்போ பார்த்துக்கலாம்.”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பும் நாடாவில் பத்திரமாக இருந்தது.

அந்தக் குரல் யாருடையது என்று கண்டுபிடிக்க மைக்காரருக்கு மறுபடி ஒருமுறை கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று தற்காலிக ஆய்வாளராக இருந்தவர். இன்று வேதியியல் கட்டடத்தின் கடைசி அறையில் இருக்கும் பேட்டரி மேடம். அவரிடம் படித்தவர்கள் கடல் தாண்டியும் இங்கேயும் பேட்டரித் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். ஊரில் ஓடும் பாதி போன்களின் உயிர் அவர் மாணவர் யாரோ ஒருவரின் கையைத் தொட்டு வந்ததாக இருக்கும். மேடத்துக்கு அதைச் சொல்லிக்கொள்ளத் தெரியாது. தொடர்பு இயக்குநருக்கு அந்தக் கட்டடத்துக்கு வழியே தெரியாது.

மைக்காரர் கேசட்டோடு இயக்குநர் அறைக்குப் போனார். போட்டுக் காட்டினார். இயக்குநர் ‘கண்டிப்பா வராது’ வரை கேட்டுவிட்டு நிறுத்தச் சொன்னார்.

“அருமையான குரல்! ஆனா ‘வராது’ன்னுல்ல சொல்றார்?”

“ஆமா சார். அதுக்கப்புறம் ஒரு மேடம் வரும்னு சொல்றாங்க. அதையும் கேளுங்க.”

“மேடையிலயா?”

“பின்வரிசையில.”

“அழைப்பிதழ்ல பேர் இருந்துச்சா?”

“இல்ல சார்.”

“அப்போ பல்கலைக்கழகம் சொன்னதா ஆகாதே!” இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். “இங்க பாருங்க. பேராசிரியருக்கு எண்பத்தி மூணு வயசு. முன்வரிசையில உட்காரப் போறார். அவர் பக்கத்துல, நம்ம முன்னாள் மாணவர், அந்தப் போன் செயலி அதிபர் உட்காரப் போறார். அவர் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் தொழிலுக்கே வந்தேன்னு சொல்லப் போறார்.”

“அந்தப் பேச்சு நடந்தப்போ அவருக்கு ஒன்பது வயசு இருக்குமே சார்?”

“உத்வேகத்துக்கு வயசு ஏது? ஒரே ஒரு சொல். ‘வராது’ன்றத ‘வரும்’னு ஆக்கிடுங்க. அந்த ஒரு சொல்லைத் தவிர வேற எதையும் தொடாதீங்க. நாம நேர்மையானவங்க.”

மைக்காரர் பெட்டி அறைக்குத் திரும்பினார். ‘வரும்’ என்ற சொல்லைப் பேராசிரியர் வாயிலிருந்தே எடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரப் பேச்சில் அந்த மனிதர் ஒரு தடவைகூட எதுவும் ‘வரும்’ என்று சொல்லியிருக்கவில்லை. அப்படியொரு நம்பிக்கை. கடைசியில், உரை முடிந்து மைக்கை அணைக்க மறந்த நிமிடத்தில் கிடைத்தது. பேராசிரியர் யாரிடமோ கேட்கிறார்: “சாப்பாடு எப்ப வரும்?”

அந்த ‘வரும்’மை வெட்டினார். கேள்வியின் வால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதை அமுக்கிவிட்டு ‘கண்டிப்பா’வுக்குப் பின்னால் ஒட்டினார். போட்டுக் கேட்டபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. “நம்ம காலத்துல, கண்டிப்பா வரும்.” பசித்த மனிதரின் ஏக்கம், வருங்காலத்தின் மேல் கொண்ட தாகமாகவே ஒலித்தது. நல்ல வேலைதான். ஆனால் அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருப்பவர். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களைத் தினம் பார்க்கிறவர். அவர் தட்டைப் பார்த்ததுமே, “என்னங்க, என்ன பண்ணிட்டு வந்தீங்க?” என்றார்.

மைக்காரர் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“அவர் உங்ககிட்ட எத்தனை சொல்லை மாத்தச் சொன்னார்?”

“ஒண்ணு.”

“வேற எதையும் தொடக் கூடாதுன்னாரா?”

“ஆமா.”

“அப்போ தொடாதீங்க. அந்த அம்மா பேசினதை எதுக்கு வெட்டப் போறீங்க? அதிகாரி சொன்னதை அப்படியே செய்றதுதானே உத்தியோகம்?”

மைக்காரர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முன்னோட்டத்திலும் இயக்குநர் ‘கண்டிப்பா வரும்’ வரை கேட்டுவிட்டு, போதும் என்று எழுந்துபோனார். சந்திப்பு நாள் வந்தது. அரங்கம் நிரம்பியது. முன்வரிசையில் பேராசிரியரின் வழுக்கை, அதன் பக்கத்தில் செயலி அதிபரின் விலையுயர்ந்த முடி. ஊழியர்களுக்கென்று ஒதுக்கிய கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், பேட்டரி மேடத்தின் நரைத்த வகிடு. படம் ஓடியது. வானத்தைப் பார்க்கும் மாணவர்கள், எதையோ கலக்கும் குடுவைகள், பிறகு கறுத்த திரையில் பேராசிரியரின் குரல்: “கண்டிப்பா வரும்.”

பழைய கைதட்டலும் புதிய கைதட்டலும் சேர்ந்து கூரையைத் தூக்கின. அது அடங்கியபோது ஒலிபெருக்கியில் தெளிவாக வந்தது: “சார், ஏன் வராதுன்னு சொல்றீங்க? பேட்டரி மட்டும் சின்னதாயிட்டா...”

“உட்காரும்மா” வந்தது. சிரிப்பு வந்தது. படம் முடிந்தது. இயக்குநர் முகம் வெளுத்தது, சோப்பே இல்லாமல்.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. அரங்கம் எழுந்து நின்று ஆரவாரித்தது. எழுநூறு பேரில் அறுநூற்றுச் சொச்சம் பேர் போனைத் தூக்கித் திரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் பிடித்த படத்தை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கேட்க யாருக்கும் கை ஒழியவில்லை. செயலி அதிபர் மேடையேறி, “அந்த ‘வரும்’தான் என் வாழ்க்கையையே மாத்துச்சு” என்று கண் கலங்கினார். இயக்குநருக்கு ரத்தம் திரும்பியது.

திரும்பிப் பார்த்தது இரண்டே தலைகள். தூணுக்குப் பின்னால் ஒன்று. முன்வரிசையில் ஒன்று.

விழா முடிந்து அரைமணி நேரத்தில் பதினாறு படியிலும் தடியூன்றும் சத்தம் கேட்டது. மைக்காரர் ஓடிப்போய்க் கை கொடுத்தார். பேராசிரியர் நாற்காலியில் விழுந்து, மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்.

“நான் வராதுன்னுதானே சொன்னேன்?”

“ஆமா சார்.”

“பின்ன, ‘வரும்’ எங்கேருந்து வந்துச்சு?”

“சாப்பாடு எப்ப வரும்னு கேட்டீங்க சார்.”

பேராசிரியர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மைக்காரர் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. “அன்னைக்கு அந்தச் சாப்பாடும் மூணு மணி வரைக்கும் வரலய்யா” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்புறம் குரல் தாழ்ந்தது. “அந்தப் பொண்ணு யாரு? நான் உட்காரச் சொன்னேனே.”

மைக்காரர் அவரைக் கையைப் பிடித்து வேதியியல் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். பேட்டரி மேடம் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, கையுறையோடு ஏதோ அளந்துகொண்டிருந்தார். பேராசிரியர் வாசலிலேயே நின்றார்.

“அம்மா, நீங்க சொன்னதுதான் சரி. அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கணும். இருபத்தெட்டு வருஷம் லேட்டாயிடுச்சு.”

மேடம் கையுறையைக் கழற்றினார். “பாதிதான் சார் சரி,” என்றார். “போன் வந்துட்டா ஜனங்க ஒருத்தரோட ஒருத்தர் நிறையப் பேசுவாங்கன்னு நினைச்சேன். அது தப்பாப் போச்சு.”

மூவரும் சிரித்தார்கள். பேராசிரியரின் சிரிப்பு மட்டும் சீக்கிரம் நின்றது.

அவர் மறுநாளே துணைவேந்தருக்குக் கைப்பட எழுதினார்: நான் வராது என்றேன், சரியாகச் சொன்னவர் இன்னார், படத்தைத் திருத்துங்கள். மைக்காரர், ‘வெட்டி ஒட்டியது நான்’ என்று கீழே தன் கையெழுத்தையும் போட்டார். என்ன வந்தாலும் வரட்டும் என்று இரண்டு நாள் குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு விசாரணைக்காகக் காத்திருந்தார்.

விசாரணை வரவில்லை. வந்தது சந்திப்பின் நினைவு மலர். அதில் பேராசிரியரின் கடிதத்தை முழுப்பக்கத்தில், பொன்னிறக் கட்டத்துக்குள் அச்சிட்டிருந்தார்கள். தலைப்பு: ‘தான் சொன்னதையே மறுக்கும் தன்னடக்கம்!’ சரியாகச் சொன்னவர் பெயர் இருந்த வரி, இடப்பற்றாக்குறையால் விடுபட்டிருந்தது. மைக்காரரின் கையெழுத்து அழகுக்காகப் போட்ட கோடு மாதிரி அடியில் தெரிந்தது.

மைக்காரர் மலரை மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கட்டம் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அந்த அமைதி மைக்காரரைக் குத்தியது. தன் மேசையில் முப்பது வருடமாக மேடையில் இருக்கும் வாய்க்கு மட்டும்தான் ஒலியைக் கூட்டிக்கொண்டிருந்தோம் என்று பட்டது. ஸ்டோருக்குப் போய், கம்பியில்லா மைக் இரண்டு கேட்டு எழுதினார். எதற்கு என்று கேட்ட கட்டத்தில், ‘நாடா சிக்கிக்கொண்டது’ என்று இந்த முறை எழுதவில்லை. ‘பின்வரிசைக்கு’ என்று எழுதினார்.

அடுத்த பேருரையில், எந்திரங்கள் மனிதரைவிட நன்றாக யோசிக்கும் காலம் பற்றி ஒருவர் பேசி முடித்ததும், கேள்வி நேரத்துக்கு மைக்காரர் தானே படியிறங்கி வந்து, நேரே கடைசி வரிசைக்கு நடந்தார். முன்வரிசையில் நீண்டிருந்த கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. இயக்குநர் கண்ணாலேயே அதட்டினார். மைக்காரர் பார்க்காதது மாதிரி, ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஒரு மாணவியிடம் மைக்கை நீட்டினார்.

“கேளும்மா. பயப்படாதே.”

மாணவி எழுந்தாள். அரங்கம் முழுதும் திரும்பியது.

“சார், இங்க ஏசி ரொம்பக் குளுருது. கொஞ்சம் குறைக்க முடியுமா?”

அரங்கத்தில் இருந்த எழுநூறு பேரும், அன்றைக்கு முதல் தடவையாக, மனதாரக் கைதட்டினார்கள்.