பெயின்ட் அடிக்காத பெயின்டர் வீடு

ஊரில் பாதி வீடுகளுக்குப் பெயின்ட் அடித்த மனிதர், தன் சொந்த வீட்டுச் சுவரை மட்டும் ஏன் சுரண்டிய கோலத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்? எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் இப்படிக் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் அந்தப் பெயின்டரின் மனைவியிடம் இருந்தது.

அவரை உப்புத்தாள் அக்கா என்று கூப்பிடுவார்கள். கணவர் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை எல்லாம் அவருடையது. பழைய பெயின்டைச் சுரண்டுவது, பூஞ்சையைக் கழுவுவது, பட்டி போட்டு ஓட்டை அடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. தேய்த்துத் தேய்த்து விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன. கைரேகை வைக்கச் சொன்னால் எந்த மெஷினும் அவரை ஆளாகவே மதிக்காது.

கூடவே வேலைக்கு வந்துகொண்டிருந்தவள் அவருடைய நாத்தனார், கணவரின் கடைசித் தங்கை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். "இவ வாய் தனியா சம்பளம் கேக்கும்" என்பார் அண்ணன். அக்கா கல்யாணமாகி வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தலை வாரிவிட்டதிலிருந்து சுரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது வரை எல்லாம் அண்ணிதான்.

வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளிய அந்தக் குடும்பம் கடைசியில் ஒரு பழைய வீட்டை வாங்கியது. இரண்டு அறை, ஒரு குளியலறை. அடைத்தே கிடந்ததால் உள்ளே நுழைந்ததும் ஈர வாடை மூக்கைப் பிடித்தது. சுவரின் அடிப்பகுதி முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. குளியலறைத் தரையில் அழுக்குத் தோல் மாதிரி ஒட்டிக்கிடந்தது. கதவு ஈரத்தில் உப்பிப்போய், சாத்தினால் திறக்க ஒரு ஆள் பலம் வேண்டும்.

சுரண்டச் சுரண்ட மேலே மஞ்சள், அதன் கீழே நீலம், அதற்கும் கீழே பச்சை என்று வந்துகொண்டே இருந்தது.

"அண்ணி, நமக்கு முன்னாடி இங்க இருந்தவங்க எல்லாருக்கும் ஆசை இருந்திருக்கு. கண்ணுதான் ஒருத்தருக்கும் இல்ல" என்றாள் வாயாடி.

"உனக்கு என்ன கலர் வேணும், சொல்லித் தொலை."

"இளம் ஊதா."

ஏணியில் இருந்த அண்ணன் திரும்பினார். "ஊதாவா? கத்தரிக்காய்க்குள்ள குடி போகப் போறோமா?"

"ஊருக்கெல்லாம் வெள்ளை அடிச்சு அடிச்சு உங்க கண்ணே வெளுத்துப்போச்சு. என் ரூமு, என் இஷ்டம்."

அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே ஊதா டப்பா ஒன்றை வாங்கி வந்து மூலையில் வைத்தார்.

பிறத்தியார் வீட்டில் அவர்கள் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. தூசி வேலை ஒரு நாள், கழுவுவது மறுநாள், குளியலறை எல்லாவற்றுக்கும் கடைசியில், தனியாக. அது ஏன் என்று யாரும் யோசித்ததில்லை, பழக்கம் அவ்வளவுதான். ஆனால் இது சொந்த வீடு. கேட்க மேஸ்திரி இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் ஒண்ணா முடிச்சுடலாம்" என்று ஆளுக்கொரு வேலையில் இறங்கினார்கள்.

அதற்குள் பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றார். "காயப்போட்ட துணியெல்லாம் மாவு பூசின மாதிரி ஆயிடுச்சு. ஜன்னலைச் சாத்திட்டு வேலை பாருங்களேன்." குடி வருமுன்பே சண்டை எதற்கு என்று அக்கா ஜன்னல்களைச் சாத்தினார். குளியலறையின் காற்று ஓட்டையையும் சாக்கால் அடைத்தார்.

அண்ணன் பட்டி வாங்கக் கடைக்குப் போனார். வாயாடி ஆசிட் பாட்டிலோடு குளியலறைக்குள் போய், தூசி வராமல் இருக்கக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, தரை முழுக்க ஆசிட்டை ஊற்றித் தேய்த்தாள். வெளியே அக்கா பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் பூஞ்சைச் சுவரில் அடித்துக் கழுவினார். அந்த வீட்டில் தண்ணீர் வெளியேற ஒரே வழி குளியலறைத் தரையில் இருந்த ஓட்டைதான். கறுப்புத் தண்ணீரை அக்கா துடைப்பத்தால் கதவை நோக்கித் தள்ளினார். அது கதவுக்கு அடியில் புகுந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணி! என்னை உள்ள வச்சே குளிப்பாட்டி விடுறீங்களா?"

அக்கா சிரித்தார். "நாறிப்போய் கிடக்கிறல்ல, குளி" என்று சொல்லிவிட்டு மிச்சமிருந்த வாளியையும் தரையில் கவிழ்த்துத் தள்ளினார்.

அப்புறம் இருமல் கேட்டது. வாயாடி இப்படி நடிப்பது புதிதில்லை. வேலைக்கு டிமிக்கி கொடுக்க இருமுவாள், மயங்கி விழுவாள், ஓடிப்போய்ப் பார்த்தால் நாக்கைத் துருத்துவாள். "போதும்டி உன் நாடகம்" என்றார் அக்கா. இருமல் நிற்கவில்லை. கதவில் கை தட்டியது. பிறகு தட்டவில்லை.

கதவு அசையவில்லை. அக்கா கையிலிருந்த சுரண்டியைச் சந்தில் செருகி நெம்பினார். திறந்ததும் மஞ்சளாக ஒரு காற்று முகத்தில் அறைந்தது. கண் எரிந்து, தொண்டை அடைத்து, கையால் துழாவி, தலைமுடி அகப்பட, அதைப் பிடித்தே அவளைத் தெருவுக்கு இழுத்து வந்தார். பக்கத்து வீட்டு அம்மாதான் வண்டி பிடித்தார்.

"எதையெதைக் கலந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"எதையும் கலக்கலைங்க. நான் என் வேலையைப் பார்த்தேன், அவ அவ வேலையைப் பார்த்தா."

"உங்க தண்ணி எங்க போச்சு?"

"கதவுக்கு அடியில..." என்று தொடங்கிய அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

வாயாடி பிழைத்தாள். நுரையீரல் மட்டும் பழையபடி ஆகவில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டும். மருந்து உறிஞ்சும் குழாய் எப்போதும் கையில். தூசியோ வாசனையோ பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். அண்ணன் வேலை முடிந்து வந்தால் வெளியிலேயே குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டுதான் வாசற்படி ஏறுகிறார்.

வாசனையே வராத பெயின்ட் என்று யாரோ சொல்ல, அவள் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில் அண்ணன் அவள் அறைக் கதவுக்குப் பின்னால் கையகலம் அடித்துப் பார்த்தார். நல்ல ஊதா. அவள் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் உதடு நீலமாகி, மறுபடி ஆஸ்பத்திரி. அந்தக் கையகல ஊதா அப்படியே இருக்கிறது. மற்ற இடமெல்லாம் மஞ்சளும் நீலமும் பச்சையும், பட்டி போட்ட வெள்ளைத் திட்டுகளும்.

"வித்துட்டுப் போயிடலாம். இந்தச் சுவத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல" என்றார் அண்ணன்.

"எங்க போறது?" என்றார் அக்கா. "காலியா இருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் புதுப் பெயின்ட் வாசனைதான் அடிக்கும். அவ மூச்சு விட இந்த ஒரு வீடுதான் இருக்கு."

அக்கா இன்னும் வேலைக்குப் போகிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிறார். வீட்டில் இருக்கும்போது உள் அறையில் சின்னதாக ஒரு இருமல் கேட்டாலும், போட்டது போட்டபடி எழுந்து ஓடுகிறார்.

வாயாடி இப்போது விளையாட்டுக்கு இருமுவதில்லை.

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து உங்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே நேரத்தில், ஒரே வீட்டில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. நாம் கலக்காவிட்டாலும் தண்ணீர் கலந்துவிடும். வீடு வாங்கிச் சுத்தம் செய்யப் போகிறவர்கள், பிறர் வீட்டைச் சுத்தம் செய்து பிழைக்கிறவர்கள், யாரைத் தெரிந்தாலும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயாலேயே சொல்லுங்கள்.