வள்ளம் வரும்வரை அழாத அக்கா

இராமநாதபுரம் பேருந்து நிலையச் சுவரில், சினிமா போஸ்டரில், என் அக்கா சத்யப்பிரியா கதாநாயகியாகக் கண் கலங்கி நிற்கிறாள். போன வாரம் அவள் மூக்கின்மேல் எவனோ டியூஷன் நோட்டீஸ் ஒட்டியிருந்தான். கிழித்தெறிந்தேன். அப்புறம் சும்மா இருக்க முடியாமல் ஒரு மீசை வரைந்தேன். பத்தாவதில் கோட்டைவிட்ட எனக்கு வேறென்ன வேலை?

அந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு நடிக்கச் சான்ஸ் கேட்டு அவள் இரண்டு தடவை சென்னைக்குப் போனாள். "கலர் கம்மி" என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா மாப்பிள்ளை பார்த்து, பூ வைக்க நாளும் குறித்துவிட்டாள். அந்த வாரம்தான் திருப்பாலைக்குடிக்கு, எங்கள் கரைக்கே படம் எடுக்க வந்தார்கள். புருஷன் கடலிலிருந்து திரும்பாத பெண்ணாக அக்கா அழ வேண்டும். நன்றாக அழுதால் படம் முழுக்க வரும் வேடம்.

அழுவதில்தான் வில்லங்கம். வள்ளம் கடலில் கிடக்கையில் எங்கள் தெருப் பெண்கள் கரையில் நின்று அழ மாட்டார்கள். அழுதால் போனவர் திரும்ப மாட்டார் என்று பயம். எழவு விழுந்தால்கூட வீட்டுக்குள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். படம் எடுத்த அன்று, முந்தின சாயங்காலம் மீன்பிடிக்கப் போன அய்யா, எங்கள் அப்பா, இன்னும் வரவில்லை.

"மத்தியானம் எங்கய்யா வந்துருவாரு சார். வந்ததும் எம்புட்டு வேணும்னாலும் அழுறேன்" என்றாள் அக்கா.

"மத்தியானம் இந்த வெளிச்சம் இருக்காதும்மா," என்றார் டைரக்டர். "முடியலைன்னா சொல்லு, வேன்ல இன்னொரு பொண்ணு உட்கார்ந்திருக்கு."

கூட்டத்திலிருந்து அம்மா கத்தினாள்: "ஏடி, கண்ணுல சொட்டுத் தண்ணி வந்துச்சு, நீ எனக்கு மக இல்ல!"

அக்கா கடலைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். மணலில் விழுந்து அழுதாள். 'மச்சான்' என்று கத்தச் சொல்லியிருந்தார்கள். அவள் "அய்யா" என்று கத்தினாள். படக்காரர்கள் கைதட்டினார்கள். எங்கள் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

மத்தியானம் அய்யா கூடை நிறைய நண்டோடு வந்து சேர்ந்தார். "அதான் வந்துட்டேன்ல, நாகு" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்கு வந்தீக" என்றாள் அம்மா. அதோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தினாள்.

அந்தப் படம் ஓடியது. அடுத்ததும் ஓடியது. இப்போதெல்லாம் அழுகைக் காட்சி என்றால், செட்டே காத்திருக்க அக்கா போனோடு ஓரமாக உட்கார்ந்துவிடுவாளாம். மனசைத் தயார்படுத்துகிறாள் என்று பேட்டிகளில் புகழ்கிறார்கள். மண்ணாங்கட்டி. எனக்குத்தான் போன் போடுவாள்: "அய்யா வந்தாச்சாடி?" வந்தாச்சு என்றால்தான் அழப் போவாள். ஊரில் எல்லாரிடமும் புளுகுகிற நான் இதில் மட்டும் புளுகியதில்லை.

இன்று விடியலில் வர வேண்டிய அய்யாவின் வள்ளத்தைப் பொழுது சாயும்வரை காணோம். காற்று ஓயவில்லை. தேடப் போனவர்களும் திரும்பவில்லை. அம்மாவும் நானும் கரையில் நிற்கிறோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"வந்தாச்சாடி?"

"இல்லக்கா."

"செட்டுல எல்லாரும் எனக்காக நிக்கிறாங்கடி. எனக்கு அழுகை முட்டுது. அடக்க முடியலடி..."

அம்மா போனைப் பிடுங்கினாள். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அக்காவிடம் அவள் வாய் திறந்தாள்.

"பிரியா... அழுதுறாத தாயி. வள்ளம் இன்னும் கடல்லதான் இருக்கு."