அக்கா பிறை பாராதிருந்த காலம்

எங்கள் வீட்டில் மூன்றாம் பிறை பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் பொழுது படுகிற நேரத்தில் வளவின் மேற்கு வேலியோரம் போய் நிற்க வேண்டும். வேலிக்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் பனை, பனைக்கு அப்பால் கடல். பிறை கண்ணில் பட்டதும் உடுத்திருக்கிற துணியிலிருந்து ஒரு நூலை இழுத்து அந்தப் பக்கமாக ஊதிவிட வேண்டும். அது சிவபெருமானுக்கு நாங்கள் கொடுக்கிற வஸ்திரம் என்று அம்மா சொல்லுவார். பிறகு வேறொன்றையும் பாராமல், நன்றாயிருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறவரின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். அம்மா அக்காவின் முகத்தைப் பார்ப்பார். அக்கா என்னுடைய முகத்தைப் பார்ப்பார். நான் கடைக்குட்டி. எனக்குப் பார்க்க ஆளில்லை, ஆட்டுக்குட்டியைப் பார்ப்பேன்.

அப்படி இருந்த அக்கா, மனிதன் சந்திரனில் இறங்கிய படத்தைப் பார்த்த நாளோடு பிறை பார்ப்பதை விட்டுவிட்டார்.

அந்தப் படம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட முற்றத்தில் காட்டப்பட்டது. எந்த அரசாங்கக் கந்தோரில் இருந்து வந்தார்களோ தெரியாது, ஒரு வான் வண்டியில் படம் காட்டுகிற மிஷின் கொண்டுவந்து, இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். நான் அக்காவின் மடியில் இருந்தேன். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். துணி காற்றுக்கு ஊதி ஊதி அடங்கியது. அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. ஏணி போல ஒன்று, அதில் ஒரு பெரிய கால், அந்தக் காலில் மாட்டிய சப்பாத்து தொம்மென்று மண்ணில். சனம் கை தட்டியது. துணிக்கு மேலே வானத்தில் உண்மையான நிலவும் நின்றது என்றே நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அக்கா இல்லை என்கிறார், அன்று ஒரே முகிலாம். நான் கண்டதோ, அக்கா சொல்லிச் சொல்லி என் மனதுக்குள் நானே ஓட்டிக்கொண்ட படமோ, இப்போது பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

வீட்டுக்கு வந்து அக்கா அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாராம்.

"அம்மா, சுவாமியின்ரை தலையிலை இருக்கிற நிலவிலை, சப்பாத்தோடை ஏன் ஏறினவை?"

அடுத்த மூன்றாம் பிறைக்கு அம்மா வேலியோரம் போனார், அக்கா குசினிக்குள் அடுப்போடு இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அக்கா போகவே இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து கொட்டிலில் கிடந்த நாட்களில், கூரை ஓட்டையால் நிலவு இறங்கி வந்து அக்காவின் பாயில் விழும். அக்கா பாயை ஒரு பக்கமாக அரக்கிப் போட்டுவிட்டுப் படுப்பார். சண்டை பிடித்த வீட்டுக்காரரின் வாசற்படலையைக் கடந்து போவது போல நிலவைக் கடந்து போவார்.

ஊருக்குத் திரும்பி வந்து, அம்மாவும் போய்ச் சேர்ந்தபின், அக்கா அதே வளவில் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குக் கலியாணம் சரிவரவில்லை. காலையில் விளக்கு வைத்துத் தேவாரம் பாடுவது அக்காதான், அந்தக் குரலுக்குத்தான் நான் எழும்புவேன். இரண்டு வருடமாக அக்காவின் கண்களில் வெண்புரை படர்ந்து வருகிறது. பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒப்பரேசன் செய்தால் நன்றாகத் தெரியும், தள்ளிப் போடாதீர்கள் என்று டொக்டர் சொன்னார். அக்காவோ வீட்டுக்கு வந்து, "பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. இனி என்னத்தைப் பார்க்க?" என்று சுளகை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார். அரிசியை விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்குவார். விளக்கில் திரியைத் தேடி அக்காவின் விரல் நெருப்பில் பட்டதை ஒருநாள் கண்டேன்.

எங்களுக்கு மீன் கொண்டுவருகிற தம்பி மண்கும்பான் பக்கத்தவன், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், வாய் சும்மா இராது. மோட்டார் சைக்கிளை எங்கள் படலையில் நிறுத்தி கோர்ன் அடிப்பான். என் மனைவி சட்டியோடு போவார். அக்கா மீன் மச்சம் தொடாதவர் என்றாலும், அவனோடு கதைக்கவென்றே படலைக்குப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். அக்காவின் பிறைக் கதை அவனுக்கும் தெரியும். ஒருமுறை, "உங்கடை சுவாமியின்ரை தலையிலை நிலவு. எங்கடை மாதா அதுக்கு மேலை கால் வைச்சுக்கொண்டெல்லோ நிக்கிறா. அப்ப எங்கடை மாதாவோடையும் கோவமோ?" என்று சீண்டினான்.

அக்கா யோசிக்கவேயில்லை. "அவ தாய். வெறுங்கால்" என்றார். அவன் சட்டியில் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டுவிட்டுப் போனான்.

போன வருடம் ஒருநாள் அவன் மீன் பெட்டியைத் திறக்காமல் போனைத்தான் முதலில் எடுத்தான்.

"அக்கா, இஞ்சை வாங்கோ. உங்கடை வழக்குத் தீர்ந்துபோச்சு. சந்திரனுக்கு ஒருத்தனும் போகேல்லையாம்!"

"உதென்ன கதை?"

"பொய்ப் படமாம் அக்கா. பெரிய கொட்டகைக்குள்ளை லைற் போட்டு, மண்ணைக் கொட்டி எடுத்ததாம். பாருங்கோ, காத்தில்லாத இடத்திலை கொடி ஆடுது. நிழல் ஒண்டு அங்கை போகுது, ஒண்டு இஞ்சை போகுது. வானத்திலை ஒரு வெள்ளி, ஒரு நட்சத்திரம் இல்லை. எல்லாத்தையும் ஒளிச்சு வைச்சிருந்தவங்களாம்."

போனில் பயமுறுத்துகிற மாதிரி வாத்தியம் அடிக்க, ஒருவர் தமிழில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் படம் தெரியாது. காதைத்தான் கொடுத்துக்கொண்டு நின்றார். கதை முடிந்ததும், "அப்ப அந்தச் சப்பாத்து?" என்று கேட்டார்.

"அது கொட்டகை மண்ணிலை வைச்ச சப்பாத்து."

அக்கா படலையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நெடுங்காலம் சிறையில் இருந்த பிள்ளையை நிரபராதி என்று விட்டுவிட்டார்கள் என்று கேட்ட தாயின் முகம் அப்படித்தான் இருக்கும். "தம்பி," என்றார் என்னைப் பார்த்து, "இண்டைக்கு எத்தினையாம் பிறை?"

அன்று மூன்றாம் பிறைதான்! கலண்டரைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னேன். பொழுது பட்டதும் அக்கா துவைத்த சீலை உடுத்து வேலியோரம் போய் நின்றார். ஆனால் மேற்கே ஒரே முகில். இருட்டும் வரை நின்றார், பிறை வரவில்லை. அடுத்த நாள் நாலாம் பிறை, அதைக் கண்டால் வீண்பழி வரும். அந்தப் பின்னேரம் அக்கா ஆடு கட்டப் போகும்போது தலையில் துவாயை இழுத்துப் போட்டு, நிலத்தைப் பார்த்தபடி ஆட்டின் கயிற்றைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் பாராதவர், இனிமேல் பார்க்கப் போகிறவர், அன்றைக்கு மட்டும் பார்க்கக்கூடாது. என் மனைவி குசினி யன்னலால் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டும். அந்த நாட்களில்தான் அக்கா தானாகவே சொன்னார்: "தம்பி, அந்த டொக்டரிட்டை ஒருக்காக் கேள். கண்ணைச் செய்விப்பம். பிறை சின்னது, வடிவாய்த் தெரிய வேணும்."

எனக்கு நெஞ்சு நிறைந்தது, கூடவே பயமும் வந்தது. அந்தக் கதை உண்மையோ பொய்யோ என்று அறிய நான் படித்தவன் இல்லை. ஆனால் உண்மையாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். ஒரு படம் பொய்யாக இருக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் மகள் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அக்காவை மாமி என்றுதான் கூப்பிடுவாள். சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வருவாள். தரிப்பிடத்திலேயே பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை, மாமி கேட்டா ஒண்டும் சொல்லாதை."

கதையைக் கேட்டு அவள் நடுவீதியில் நின்றுவிட்டாள். "அப்பா, நானாய்ச் சொல்லமாட்டன். ஆனா மாமி கேட்டா என்னாலை பொய் சொல்ல ஏலாது. பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்கு ஒண்டு, வீட்டிலை மாமிக்கு ஒண்டோ?"

மாமி கேட்டார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, சீனி காணுமோ என்று கேட்ட கையோடு கேட்டார். "பிள்ளை, நீ படிச்சனி. போனவையோ, போகேல்லையோ?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் முற்றத்தைப் பார்த்தேன்.

"போனவை மாமி."

"அப்ப கொடி?"

"துணி தொங்காமல் இருக்க மேலாலை ஒரு தடி குடுத்தது மாமி. கையாலை ஆட்டினால்தான் ஆடும். மேடு பள்ளத்திலை நிழல் நேராய் விழாது. அவை வைச்சிட்டு வந்த கண்ணாடிக்கு இஞ்சையிருந்து வெளிச்சம் அடிச்சால் இப்பவும் திரும்பி வருது."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதாவது ஆறுதலாய்ச் சொல்ல நினைத்தாளோ என்னவோ, "மாமி, ஒண்டு சொல்லட்டே? திரும்பி வரேக்கை பாரம் குறைக்க வேணுமெண்டு, அந்த வெளிச் சப்பாத்துகளைக் கழட்டி அங்கையே விட்டிட்டுத்தான் வந்தவை" என்றாள்.

அக்கா மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"என்ன? செருப்பைக் கோயிலுக்குள்ளை விட்டிட்டு, வெளியிலை வெறுங்காலோடை வந்தவையோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. எழும்பி, சுவரைத் தடவி உள்ளே போனார். அதற்குப் பிறகு கண்ணைப் பற்றியோ டொக்டரைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. காலைத் தேவாரம் மட்டும் நிற்கவில்லை. ஆனால் குரல் எங்கோ தூரத்தில், கடலுக்கு அங்கால் இருந்து வருவது போலக் கேட்டது.

மீன்காரத் தம்பியிடம் கோபித்தேன். "நீ ஏனப்பா உந்தப் படத்தைக் கொண்டந்தனி? பொய்யாம்."

அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கென்ன தெரியும் அண்ணை? ஆரோ அனுப்பினது, நானும் அனுப்பினனான். ஆனா ஒண்டு. கடலிலை தனிய நிக்கேக்கை பாருங்கோ, இண்டு வரைக்கும் ஒருத்தருமே தொடாத மாதிரித்தான் அது நிக்கும்." அவன் குரலில் முதல் தடவையாகப் பகிடி இருக்கவில்லை. உள்ளே அக்கா கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது.

மூன்றாம் பிறை வந்தது. நான் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பொழுது பட, வயலில் நின்ற மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். காற்று விழுந்திருந்தது. கடலின் உப்பு மணமும் எங்கோ காய்ந்த ஓலை எரிகிற மணமும் கலந்து நின்றன. வானம் கழுவிவைத்த பித்தளைத் தட்டம் போல இருந்தது. வேலியோரம் யாரோ நிற்பது தெரிந்தது. ஒரு கணம் அம்மாதான் என்று நினைத்துவிட்டேன். மாட்டின் கயிறு கையை விட்டுப் போனதும் தெரியவில்லை.

துவைத்த சீலையோடு நின்றது அக்கா.

"அக்கா, என்ன இஞ்சை?"

"யோசிச்சுப் பார்த்தனான் தம்பி." மேற்கே முகம் வைத்தபடி கதைத்தார். "காட்டிலை ஒரு வேடன், அன்பு மிஞ்சிச் செருப்புக் காலை சுவாமியின்ரை கண்ணிலையே வைச்சவன். அதைப் பொறுத்த ஆள், உந்தச் சப்பாத்தையும் பொறுத்துத்தானே இருப்பார். அவர் கோவிக்கேல்லை. நான்தான் அவருக்காகக் கோவிச்சுக்கொண்டு இருந்திட்டன்."

பனைகளுக்கு மேலே, நகம் வெட்டிப் போட்டது போல, பிறை நின்றது. அக்கா கண்ணைச் சுருக்கினார், விரித்தார், ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார்.

"டேய், ரெண்டு தெரியுது."

"ஒண்டுதான் அக்கா."

"எனக்கு ரெண்டு. ஒண்டுக்குப் பக்கத்திலை ஒண்டு. எது மெய், எது பொய்?"

அது கண்ணின் கோளாறு, வெண்புரை அப்படிக் காட்டும் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஆனால் அந்த நேரம் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. பள்ளிக்கூட முற்றமும், ஊதி ஊதி அடங்கிய வெள்ளைத் துணியும், அதற்கு மேலே நின்றதோ நிற்கவில்லையோ என்ற அந்த நிலவும்தான் வந்தன.

அக்கா சீலைத் தலைப்பில் விரலால் தேடி ஒரு நூலை இழுத்தார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் இழுத்தார். "எதுக்கும் ரெண்டு பேருக்கும் குடுப்பம்" என்று உள்ளங்கையில் வைத்து ஊதினார். நூல் இரண்டும் வேலியைத் தாண்டினவோ, வேலியில் சிக்கினவோ, அந்த மங்கலில் தெரியவில்லை.

பிறகு வேறொன்றையும் பாராமல் என் பக்கம் திரும்பினார். அறுபது வயதைத் தொடப்போகிறவன், அக்காவின் மடியில் இருந்த பிள்ளை போல அசையாமல் நின்றேன். அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"நீயும் ரெண்டாய்த்தான் நிக்கிறாய்" என்றார். "அந்த டொக்டரிட்டை எப்பவாம் வரச் சொன்னது?"

மாடு அதற்குள் அக்காவின் கீரைப் பாத்தியில் வாய் வைத்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கலைக்க ஓடினோம்.